லிவரை விடாத கை

அவரை நல்ல மனுஷன் என்று சொல்பவர்கள் இன்னும் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர்கள் எல்லாரும் அவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். நான் அவருக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

கீழே என்றால் நிஜமாகவே கீழே. பஜார் ரோட்டுக்குப் பின்னால் காயல் ஓரமாக ஒரு மணல் யார்டு. ஆலுவா பக்கமிருந்து எம்-சாண்ட் லாரியில் வந்து இறங்கும். மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குள் லாரி நுழையாது. அதனால் மணலைச் சாக்கில் கட்டித் தள்ளுவண்டியில் அனுப்புவோம். சாக்கு நிரப்ப யார்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. நாலு கால் வைத்த பெரிய இரும்புப் புனல். டிராக்டரின் முன்னால் இருக்கும் லோடர் பக்கெட்டில் மணலை அள்ளி, புனலுக்கு மேலே ஒரு ஜாண் இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்துவார்கள். பிறகு பக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்ப்பார்கள். புனலுக்கு அடியில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி நான். இன்னொருத்தி கம்பத்துக்காரி செல்வி. தலைக்கு மேல் ஒரு பக்கெட் மணல் நாள் முழுக்கத் தொங்கும். அதைத் தொங்க வைத்திருந்தவர் அவர்தான், டிராக்டர் டிரைவர்.

நாங்கள் அண்ணன் என்றோம். மலையாளிகள் எந்தத் தமிழனையும் கூப்பிடுகிற மாதிரி அண்ணாச்சி என்றார்கள். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, காலர் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார்.

அவரை இடது கைக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். டிரைவர் சீட்டுக்கு வலது பக்கத்தில் இரண்டு லிவர். ஒன்று பக்கெட்டைத் தூக்க, ஒன்று கவிழ்க்க. மற்ற டிரைவர்கள் வலது கையாலேயே மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். இவர் தூக்குகிற லிவரிலேயே வலது கையை வைத்துக்கொண்டு, இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டிக் கவிழ்க்கிற லிவரைத் தொடுவார். பார்க்கக் கோணலாக இருக்கும். சாயா கொண்டுபோய்க் கொடுத்தால் அதையும் இடது கையால்தான் வாங்குவார். பக்கெட் மேலே நிற்கும்போது யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டார். மணலை மறுபடி குவியலில் கொட்டி, பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் வருவார். முதலாளி இதற்காகக் கத்துவார். "ஒரு மினிட்டு வரான் பறஞ்சால் அர மணிக்கூறு வேணம் அண்ணாச்சிக்கு!" ஒரு நிமிஷம் கூப்பிட்டால் அரை மணி நேரம் ஆக்குகிறாராம். அவர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

வண்டிச் சத்தத்திலும் ஒன்று உண்டு. ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நடுநடுவே ஒரு தடவை முக்கும். பாரம் தூக்கும் ஆள் தம் கட்டுவது போல ஒரு சத்தம். "வண்டி மூச்சு விடுது பாரு" என்பாள் செல்வி. பழைய வண்டி, அதன் குணம் அப்படி என்று விட்டுவிட்டோம்.

அவர் குடியிருந்தது யார்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில். ஒருமுறை செல்வியோடு போயிருந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே உட்காருகிறவர் காலை நீட்டிக் கதவை அழுத்திக்கொள்ள வேண்டும். குழாய் ஒழுகியது, அதில் ஒரு துணியைச் சுற்றி, துணியின் நுனியை வாளிக்குள் விட்டிருந்தார். மேலே ஓடு விலகிய இடத்தில் மழை பெய்தால் இவர் எழுந்து நின்று தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொள்வாராம்.

"இந்த மனுஷன் ஒண்ணையும் சரிபண்ண மாட்டாரும்மா" என்றார் அவர் மனைவி. "பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. கை வலிச்சா கையை மாத்திப் பிடிப்பாரு."

"விழுந்துச்சா? விழலைல்ல?" என்றார் அவர், காலால் கதவை அழுத்தியபடி. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் அவருக்குப் பட்ட நன்றிக்கடனையும் சொல்ல வேண்டும். என் புருஷன் அதே யார்டில் தள்ளுவண்டி இழுத்தான். குடிகாரன். யார்டில் கண்ணில் படாவிட்டால் வண்டியோடு சந்துகளுக்குள் போயிருப்பான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், பாதி நாள் அவன் வேலைக்கே வரவில்லை. அவன் வராத நாளில் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் அவன் வண்டியை இழுத்துக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். சூப்பர்வைசர் கேட்டால், "இப்பத்தான் கடைக்குப் போனான்" என்பார். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் தெரிந்த அன்று நான் யார்டு நடுவில் நின்று கத்தினேன்.

"யார் கேட்டா உங்களை? எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவனை அப்பவே வீட்டை விட்டு அனுப்பியிருப்பேன்ல?"

"குடும்பம் ஒடஞ்சிரக் கூடாதுன்னுதாம்மா..."

"ஒடஞ்சது ஒடஞ்சதுதான். நீங்க பிடிச்சிக்கிட்டு நின்னா ஒட்டிருமா?"

அவர் முகம் அடிபட்டது போல ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் அவர் செய்தது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. நான்தான் நன்றி கெட்டவள் ஆனேன்.

அடுத்த மழைக்காலம். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். புனலுக்குக் கீழே நாங்கள் சாக்கைப் பிடித்திருந்தோம். மேலே தும்மல் ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். லிவரில் கை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கெட் இறங்கி வந்தது. சத்தமே இல்லை. பாத்திரத்தில் மூடி உட்காருவது போலப் புனல்மேல் உட்கார்ந்தது. புனலின் கால்கள் நான்கும் அகன்றன. மணல் கொட்டும் வாய் கீழே இறங்கி, சாக்கைப் பிடித்திருந்த செல்வியின் கையை அமுக்கியது. அவள் கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. "அம்மா" என்று அவள் கத்தியதும்தான் அவர் கை லிவருக்குப் போனது. எஞ்சின் முக்கியது. பக்கெட் மேலே போனது.

வளையல் கீறிய காயத்தோடு போயிற்று. இன்னும் நான்கு விரல்கடை இறங்கியிருந்தால் மணிக்கட்டே போயிருக்கும்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர் குதித்து இறங்கினார். "என் தப்பு, கை தவறி லிவர்ல பட்டுடுச்சு" என்றார். ஜலதோஷக்காரர், பாவம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். செல்வியும், "பரவால்லண்ணே" என்றாள்.

நான் பார்த்திருந்தேன். கை லிவரில் படவே இல்லை. கை இல்லாததால்தான் பக்கெட் இறங்கியது. எஞ்சின் ஏன் அப்படி முக்குகிறது, அவர் ஏன் கோணலாக உட்காருகிறார், பக்கெட் மேலே நிற்கும்போது ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறார் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கெட் நிற்கவில்லை. கீழே வந்துகொண்டே இருக்கிறது. இவர் நொடிக்கு நொடி லிவரைத் தட்டித் தட்டி அதை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதற்கு அடியில்தான் நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் காயல் சுவர் ஓரமாக அவரைப் பிடித்தேன்.

"எவ்வளவு நாளா?"

முதலில் தெரியாதது போலப் பார்த்தார். பிறகு, "போன மழைக்கு முந்தின மழையில இருந்து" என்றார். "காலி பக்கெட்னா நிக்கும். லோடு ஏறினாத்தான் இறங்கும். மெதுவாத்தான் இறங்கும்மா. நான் பாத்துக்கறேன்ல."

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்ப சிலிண்டர்ல ஆயில் கசியாம இருக்கற சீலை மாத்தினாங்க. அப்புறமும் இறங்கிச்சு. திரும்பப் போய்ச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் கேட்டார், 'சீல் மாறியில்லே? இனி குழப்பம் வண்டிக்கல்ல, தன்றெ கைக்கா'ன்னு. கோளாறு என் கையிலதானாம்."

அதைச் சொல்லும்போது வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"அதனால?"

"அதுக்கப்புறம் நான் சொல்லல. இந்தக் கையில என்ன கோளாறுன்னு யாராவது சொல்லட்டும் பாக்கலாம். ஒரு தடவை விழுந்திருக்கா?"

"இன்னிக்கு விழுந்துச்சே."

"தும்மல் வந்துருச்சும்மா."

"நாளைக்கு மயக்கம் வரும். மாரடைப்பு வரும். கீழ நாங்க இருக்கோம்."

"என் கை இருக்கற வரைக்கும் விழாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார். அதனால்தானோ என்னவோ, நானும் கொஞ்ச நாள் பொறுத்தேன். சாக்கை மட்டும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தேன், செல்வியையும் அப்படியே பிடிக்கச் சொன்னேன். அவள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றாள்.

பிறகு அவர் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. முதல் பிரசவம், ஊருக்குப் போயே ஆக வேண்டும். அத்தனை காலமாக லீவே எடுக்காத மனுஷன் என்று முதலாளி பெருமையாகச் சொல்லி அனுமதி கொடுத்தார். மாற்றாளாக ஷாஜி என்ற டிரைவர் வந்தார். இடப்பள்ளியில் ரோடு வேலையில் பெரிய மெஷின் ஓட்டியவர், நாற்பது வயது ஆள்.

அண்ணன் அவருக்கு வண்டியைக் காட்டிக்கொடுத்தார். நான் புனலுக்குப் பக்கத்தில் சாக்கை உதறிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். கிளட்ச் சொன்னார், பிரேக் சொன்னார். பிறகு, "லோடு இருக்கும்போது இந்த லிவர்ல கை இருக்கட்டும். அடிக்கடி லேசா ஒரு தட்டு" என்றார்.

"அதெந்தினா அண்ணாச்சி?" எதற்காக என்று ஷாஜி கேட்டார்.

"சும்மா. ஒரு பழக்கம்."

ஷாஜி சிரித்தார். "எனிக்கு அங்ஙனத்த சீலமொந்நும் இல்ல." தனக்கு அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் இல்லையாம்.

அண்ணன் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார், மூடினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஷாஜி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செல்வி சாக்கோடு புனலுக்கு அடியில் போய்க் குந்தினாள்.

நான் அவள் முடியைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கினாள்.

"பக்கெட் இறங்குது!" என்று கத்தினேன். "நிக்கவே நிக்காது! இவர் இத்தனை நாளா கையால தூக்கித் தூக்கி நிறுத்தியிருக்காரு. இந்தாளுக்குச் சொல்லாம பஸ் ஏறப் போறாரு!"

முதலாளி ஆபீஸிலிருந்து வந்தார். அண்ணனைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார்.

"இல்ல முதலாளி" என்றார் அவர். என்னைப் பார்க்கவே இல்லை. "அன்னிக்கு நடந்ததுல அந்தப் பொண்ணு பயந்துபோயிருக்கு. வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

என் வாழ்க்கையில் என்னைப் பொய்க்காரி என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், புருஷன் உட்பட. யார் சொன்னபோதும் அப்படி வலிக்கவில்லை.

முதலாளி என்னை வேலையைப் பார்க்கச் சொன்னார். ஷாஜிதான் விடவில்லை. "நில்லு முதலாளி. நாளெ ஆரெங்கிலும் அடியில் பெட்டால் ஜெயிலில் போகுந்நது ஞானா. நோக்கியிட்டு மதி." நாளைக்கு யாராவது அடியில் மாட்டினால் ஜெயிலுக்குப் போகிறவன் நான், முதலில் பார்த்துவிடலாம் என்றார். அவரே இறங்கி, "அண்ணாச்சி தன்னே கேறிக்கோ" என்று சீட்டைக் காட்டினார்.

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். மணலை அள்ளி, புனலுக்கு மேலே பக்கெட்டைத் தூக்கி நிறுத்தினார். எல்லாரையும் ஷாஜி தூரத் தள்ளி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். கையை மடியில் வைக்கச் சொன்னார்.

இறங்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரிவது? ஒருவன் இறங்குகிறது என்பான், இன்னொருவன் இல்லை என்பான். பக்கெட்டைத் தூக்கிப் பிடிக்கும் சிலிண்டரிலிருந்து பளபளவென்று ஒரு கம்பி வெளியே நீண்டிருக்கும். பக்கெட் இறங்கினால் அந்தக் கம்பி சிலிண்டருக்குள் போகும். பக்கெட்டுக்கு அடியில் போகாமல் சக்கரத்துப் பக்கமாகப் போய் நின்று, எட்டி முந்தானையால் கம்பியைத் துடைத்தேன். என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, சிலிண்டர் வாய்க்கு ஒரு விரல் மேலே ஒட்டினேன். சிவப்புப் பொட்டு. யார்டுக்கே தெரிந்தது.

தள்ளி வந்து நின்றேன்.

எஞ்சின் இல்லாத யார்டில் காயல் தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. பொட்டு அப்படியே இருந்தது. யாரோ ஒருவன் இளித்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு பொட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்தது. பொட்டின் அடி விளிம்பு சிலிண்டர் வாயைத் தொட்டது. பாதிப் பொட்டு தெரிந்தது, பிறகு நகக்கீறல் அளவு, பிறகு ஒன்றுமில்லை.

"விழுதுடீ" என்று செல்வி என் கையைப் பிடித்தாள்.

நான் அவரைப் பார்த்தேன். மடியிலிருந்த கை லிவருக்குப் போயிருந்தது. லிவரை இழுத்தார். மறுபடி இழுத்தார். எஞ்சின் ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இழுத்துக்கொண்டே இருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கெட் புனல்மேல் உட்கார்ந்தது. கால்கள் கிரீச்சென்று அகன்றன, ஒரு கால் மடங்கியது, நாங்கள் தினமும் குந்துகிற இடத்தில் புனலும் மணலும் சரிந்து விழுந்தன.

அவர் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். பக்கெட்டில் பாரத்தை ஏற்றித் தூக்கி, அதைத் தாங்கும் இரும்புக் கைகளுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு, சிலிண்டரின் மேல் பக்கத்து ஹோஸைக் கழற்றிப் பார்த்தார். சீல் போயிருந்தால் அந்த வழியாக ஆயில் கசிய வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. சிலிண்டர் நன்றாக இருந்தது. கோளாறு லிவருக்கு அடியிலிருக்கும், ஆயிலை அடைத்து நிறுத்துகிற வால்வில். அதற்குள் ஓடும் தண்டு மணல் தூசியில் தேய்ந்து கோடு விழுந்திருந்தது, ஆயில் அந்தக் கோடு வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தேய என்ன காரணம் என்று முதலாளி கேட்டார். தூசிதான், அதோடு ஓயாமல் லிவரைத் தட்டிக்கொண்டே இருந்ததும் சேர்ந்திருக்கும் என்றார் மெக்கானிக். அன்று சாயங்காலத்துக்குள் வேறு வால்வு மாட்டியாயிற்று. புனலுக்கு இன்னும் தடித்த கால் வைத்தார்கள். ஷாஜி பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியிலிருந்து இறங்கிப் போய் சாயா குடித்தார். அது நின்றது.

பேரன் பிறந்து அண்ணன் திரும்பி வந்தார். முதலாளி ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கொடுத்தார். அவரால் ஓட்ட முடியவில்லை. நிற்கிற பக்கெட்டை அவர் கை விடாமல் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் அது ஏறிக்கொண்டே போனது. மணல் புனலுக்கு வெளியே என் தலையில் கொட்டியது. இறக்குவார், மறுபடி ஏறும். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தார். அது தானாக வெளியே வந்து லிவருக்குப் போனது. அவரே இறங்கி, இன்னும் யார்டை விட்டுப் போகாமல் நின்றிருந்த ஷாஜியிடம் சாவியை நீட்டினார்.

யார்டில் வேறு வேலை சாக்குதான். செல்வி அன்று வரவில்லை. அவர் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு என் எதிரில், புனலுக்கு அடியில் வந்து குந்தினார். ஷாஜி பக்கெட்டைக் கொண்டுவந்து மேலே நிறுத்தினார். புனலுக்குள் வெளிச்சம் அணைந்தது. மேலே மணல் உராய்கிற சத்தம், ஆயில் வாடை, பக்கெட்டின் அடிப்பக்கத்து இரும்புப் பற்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மணல் தூசி கண்ணில் விழுந்தும் கண்ணை மூடவில்லை. சாக்கைப் பிடித்திருந்த கை தளர்ந்து, மணல் தரையில் கொட்டியது.

"ஏம்மா" என்றார். "இத்தனை நாளும் இங்கயா உக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றேன். "சாக்கை நல்லாப் பிடிங்க. மணல் வீணாகுது."